பத்தாவது அமினோ அமிலம்

மனித உடலைக் கட்டியெழுப்பும் புரதத்தின் வரலாறு என்றாவது முறையாக எழுதப்பட்டால், இலங்கை மலையகத்தில் றொசல்லைக்கு மேலே இருக்கும் மேட்டுத் தோட்டம் என்ற தேயிலைத் தோட்டத்துக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். முதல் வரியில் ஓய்வுபெற்ற கங்காணி சோலைமலையின் பெயர் வர வேண்டும்.

1998 மாசியில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் தொங்கு தராசில் அவருடைய பேத்தி பூரணியின் எடை, வளர்ச்சி அட்டையின் சிவப்புக் கட்டத்தில் விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நலன்புரி உத்தியோகத்தர் சிவராசா விளக்கினார். புரதம் என்பது இருபது அமினோ அமிலங்கள் சேர்ந்து செய்யும் கட்டடம். அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்ய முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். கோதுமை ரொட்டியில் லைசின் என்பது போதாது. ஒன்று குறைந்தால் மற்றவையும் சும்மா நிற்கும்.

கங்காணிக்கு உடனே விளங்கிற்று. பெரட்டுக் களத்தில் ஆள் நிறுத்தி வேலை பிரித்தவர் அல்லவா. விளங்காதது அடுத்த பேச்சுத்தான்.

"உங்கட பேத்திக்குப் புரதம் காணாது, கங்காணியார். கிழமைக்கு நாலு முட்டையும் பருப்பும் நாங்கள் தருவம்."

"எங்க வீட்லயா கொறைச்சல்?" என்றார் சோலைமலை. "முட்டைக்குக் கை நீட்டுற குடும்பம் இது இல்லைங்க, ஐயா."

அந்த வீட்டு அடுப்பு மாதக்கணக்கில் ரொட்டியைத் தவிர வேறொன்றும் காணவில்லை என்று சொல்ல மருமகள் ஜீவராணி வாயெடுத்தாள். கங்காணி ஒரு பார்வை பார்த்தார். அதில் புரதம் இல்லை. ஆனாலும் பலமாக இருந்தது.

அடுத்த மாதம் பூரணி, கங்காணியின் தாயார் போட்டிருந்த வெள்ளித் தண்டைகளுடன் தராசில் ஏறினாள். பச்சைக் கட்டம்.

"லைசின் வேலைக்கு வந்துருச்சுங்க" என்று அறிவித்தார் கங்காணி.

சிவராசாவுக்குக் கண் தெரியாமல் இல்லை. ஆனால் 'போசாக்குக் குறைவற்ற தோட்டம்' என்று ஒரு கேடயம் அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் தண்டைகளை மிகுந்த மரியாதையுடன் இரவல் கேட்டார். குடும்பப் பெருமை தோட்டமெங்கும் பரவுவதைக் கங்காணி தடுக்கவில்லை. தண்டைகள் கால் மாறிக் கால் மாறி, ஒரே காலையில் அறுபத்திரண்டு பிள்ளைகளைப் பச்சைக்குக் கொண்டு சேர்த்தன. முட்டை விநியோகம் 'தேவையின்மை காரணமாக' நிறுத்தப்பட்டது.

கேடயம் வழங்கும் நாளில் முட்டைகள் வந்தன. அவித்து, மிளகுத்தூள் தூவி, கேடயம் கொடுக்க வந்த பிரமுகரின் தட்டில். மேடையில் மாலை போட்ட தராசு. பக்கத்தில் மாதிரிப் பிள்ளையாகத் தண்டையுடன் பூரணி.

இந்த வளர்ச்சியின் இரகசியம் என்ன என்று பிரமுகர் கேட்டார். கங்காணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அதற்குள் ஜீவராணி மேடையேறி, மகளின் தண்டைகளைக் கழற்றித் தராசில் மாட்டினாள். முள் ஒன்றேகால் கிலோவில் நின்றது.

"இது மட்டுந்தாங்க வளந்துச்சு" என்றாள். "கேடயத்த இதுக்கே குடுத்துருங்க."

கால் லேசான பூரணி நேரே நடந்துபோய்ப் பிரமுகரின் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். அந்தக் குடும்பத்தில் முட்டைக்கு நீண்ட முதல் கை. தடுக்கப்போன கங்காணி, அந்தக் கையின் மெலிவைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு தட்டையே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கேடயத்தில் தோட்டத்தின் பெயர் ஏற்கெனவே பொறித்தாகிவிட்டதால் விழா தடையின்றி நடந்தது. ஆகவே புரத வரலாற்றை எழுதுவோர் குறித்துக்கொள்ளட்டும்: உலகத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பது, மேட்டுத் தோட்டத்தில் பத்து. பத்தாவது வெள்ளி. அது உடம்பில் ஒட்டாது. அறிக்கையில் நன்றாக ஒட்டும்.