கூப்பிட்டால் கேட்காதவர்கள்

கதைப் புத்தகத்துக்குள் இறங்கினால் லேசில் கரையேறாத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நடமாடுகிறது என்பதுகூட மிகை. பெரும்பாலும் உட்கார்ந்தேதான் இருக்கும். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கழுத்து முன்னால் வளைந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், ஒரு கால் மரத்துப்போயிருக்கும். கூப்பிட்டால் "ம்" என்பார்கள். அந்த "ம்" ஒரு பதில் என்று நம்பி, அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவர்கள் நெல்லைச் சீமையில் ஏராளம். பால் என்னவாயிற்று என்கிறீர்களா? அடுப்பைத் துடைத்தவர்களிடம் கேளுங்கள்.

மேலப்பாளையம் ஷம்ஸியா, ஏழாம் வகுப்பு, இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி. சாப்பிடும்போது முழங்கையால் புத்தகப் பக்கத்தை அழுத்திக்கொள்வாள். குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், குளிக்கும் சத்தம் கேட்காது. சேரன்மகாதேவியில் இறங்க வேண்டியவள், இறங்க மறந்து விக்கிரமசிங்கபுரம் வரை போய், கண்டக்டரின் போனிலிருந்து வாப்பாவைக் கூப்பிட்ட சம்பவமும் உண்டு. வாப்பா பதறியடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது, "இன்னும் நாலு பக்கம்தான் வாப்பா" என்றாள்.

இப்போது அவள் கையில் இருப்பது முத்துராணியின் புத்தகம். முத்துராணி அதே வகுப்பு, புத்தகத்தை முடித்துவிட்டவள், அதாவது ஆபத்தானவள். "திங்கக்கெழம வரைக்கும்தாம்ட்டீ பொறுப்பேன். அதுக்கு மேல என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது, முடிவச் சொல்லிருவேன்" என்று கெடு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையோ பெரியவாப்பா மகளுக்குக் கல்யாணம். ஆக, இரண்டு பெரிய காரியங்கள் ஒரே நாளில் வந்து மோதின. அவற்றில் எது பெரியது என்பதில் ஷம்ஸியாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

கதை இதுதான். யாரோ ஓடத்தில் வைத்து ஆற்றோடு விட்டுவிட்ட தும்பி என்ற பெண், பேசும் உடும்பு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, தன்னுடைய சனத்தைத் தேடி ஏழு வாசல் பட்டணத்துக்குப் போகிறாள். வாசலுக்கு ஒரு பூதம் காவல். எல்லாப் பூதமும் கேட்பது ஒரே கேள்வி: "நீ யாருடைய ஆள்?" பதில் தெரியாத தும்பி ஒரு பூதத்தைச் சிரிக்கவைத்து நுழைகிறாள், ஒன்றைத் தாலாட்டித் தூங்கவைத்து நுழைகிறாள், இன்னொரு வாசலில் உடும்பைச் சுவரில் ஏற்றி அதன் வாலைப் பிடித்துத் தாண்டுகிறாள். ஏழாம் வாசலில் எதுவும் எடுபடவில்லை. உடும்புக்கு வேறு காயம். ஷம்ஸியா புத்தகத்தை மூக்கருகே இழுத்துக்கொண்டாள். நீ யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லையே இந்தப் பெண்ணுக்கு! அழுதாள். இப்படி அழவைக்கிற புத்தகம் எப்போதாவதுதான் கிடைக்கும் என்ற பெரும் சந்தோஷத்தோடு அழுதாள்.

மண்டபத்திலோ, போகிற வருகிற பெண்களெல்லாம் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "ஏட்டி, நீ யாரு மவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன தொந்தரவு! "ம்" என்றாள். "மைதீன் பாத்திமா மவதான? மூக்கப் பாத்தாலே தெரியுதே" என்று அவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பக்கத்தில் அவளுடைய மைனி அஸீலா உட்கார்ந்திருந்தாள். ஷம்ஸியாவின் காக்கா, அதாவது அண்ணன், ஹாஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு வள்ளியூரிலிருந்து வந்தவள். கல்யாணமான இரண்டாம் மாதமே காக்கா ரியாத்துக்கு விமானம் ஏறிவிட்டார். அவளை யாரும் தாடையைப் பிடித்து நிமிர்த்தவில்லை. "சொகமா இருக்கியளா", "நீங்க எந்திரிக்காண்டாம்", "நீங்க உக்காருங்க" என்று எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மாமியாரான ஷம்ஸியாவின் உம்மா மைதீன் பாத்திமாவும் வீட்டில் அப்படித்தான். கையில் கரண்டியைக் கொடுப்பதில்லை, காதில் ஊர்வம்பைப் போடுவதில்லை. அந்த மரியாதையைக் கேட்கக் கேட்க அஸீலாவுக்கு அழுகைதான் வந்தது. ஏழாம் வாசலுக்கு வெகு முன்பே, பேச்சுத் துணைக்கு நாத்தனார் பக்கம் திரும்பி, "என்ன பொஸ்தகம் படிக்கே?" என்று கேட்டாள்.

"ம்" என்றாள் ஷம்ஸியா.

சஹன் வந்தது. பெரிய தாம்பாளம் நிறைய நெய்ச்சோறும் கறியும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். நாலாவது ஆள் வந்து சேரும்வரை முதல் மூன்று பேரும் கை வைக்க மாட்டார்கள். உம்மாவும் உறவுக்கார நஃபீஸத் மாமியும் உட்கார்ந்தாகிவிட்டது. பாக்கி இரண்டு பேர்?

"ஷம்ஸியா!"

"ம்."

"சோறு ஆறுதுட்டீ!" என்றார் மாமி.

"ம்."

"அஸீலா, நீங்களாவது அவளக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் உம்மா.

அங்கிருந்து "ம்" கூட வரவில்லை.

ஏழாம் வாசல் பூதம் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தது. ஷம்ஸியா பக்கத்தைத் திருப்பப் போனாள். மருதாணி இட்ட ஒரு விரல் வந்து பக்கத்தை அழுத்தியது.

"பைய திருப்புளா. நான் இன்னும் கடைசி வரிய முடிக்கல."

இந்த இனத்தின் காதில் விழக்கூடிய மனிதக் குரல் இது ஒன்றுதான். ஷம்ஸியா நிமிர்ந்து பார்த்தாள். மைனியின் கன்னமும் நனைந்திருந்தது.

"எங்கேருந்து படிக்கீங்க மைனி?"

"நாலாம் வாசல்லேருந்து."

"சொல்லவே இல்ல?"

"கேட்டேன். நீ ம்முன்னுட்ட."

ஷம்ஸியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. "அந்த உடும்பு செத்துப் போயிருமா மைனி?"

"தெரியலியே. நீ திருப்பு, பாப்போம்."

அதற்குள் உம்மா எழுந்து வந்துவிட்டார். பசி வேறு. "ஏட்டி அஸீலா! அவள எழுப்புன்னா நீயும் கூட உக்காந்து வாசிக்கியா? ரெண்டு கழுதையளும் எந்திரிங்கட்டீ! கறி ஆறிப்போச்சுன்னா ஒங்க தலையிலதான் கொட்டுவேன்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வந்த நாள் முதல் அஸீலாவை யாரும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. உம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் சொன்னது சொன்னதுதான். கழுதை என்று திட்டு வாங்கிய ஒருத்தி முகமெல்லாம் இப்படிச் சிரித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. "இந்தா வந்துட்டோம் மாமி" என்று மாமியாரைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஷம்ஸியாவின் கையைப் பிடித்து இழுத்து ஓடிவந்தாள். நாலு வலக்கைகள் சஹனில் இறங்கின. இரண்டு இடக்கைகள் மட்டும் தட்டுக்கு வெளியே, துப்பட்டாவுக்கு அடியில், ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தன. உம்மா பார்த்தார். ஒரு கறித்துண்டை மருமகள் பக்கம் தள்ளிவிட்டு, பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

ஏழாம் வாசல் திறந்ததா, உடும்பு பிழைத்ததா என்று நீங்கள் துடிப்பது தெரிகிறது. துடியுங்கள். ஆனால் ஒன்று. இவ்வளவு நேரம் ஒரு கல்யாணத்தில் இருந்திருக்கிறீர்கள். நெய்ச்சோற்று வாசனை வரைக்கும் பிடித்தாயிற்று. மணப்பெண்ணின் பெயர் என்ன என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?