எட்டாவது சீட்டு

திங்கட்கிழமை காலை என் வாழ்க்கையின் முதல் சுற்றறிக்கையை வெளியிட்டேன். ‘தலையில் பேனோ ஈரோ உள்ள மாணவர்கள், அவை முற்றிலும் நீங்கும்வரை பள்ளிக்கு வரக்கூடாது.’ கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, பி.எஸ்சி. நர்சிங்.

எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அதனால் எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதையும் சேர்த்துவிடுவேன். பார்சல் கொண்டுவருபவரின் தாளில்கூட.

பள்ளியில் செவிலியராகச் சேர்ந்து பதினோரு மாதம். வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி வருகிறார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்து, ஒன்று என் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் நான் நிரந்தரமாக வீட்டில் இருப்பேன். அன்றைக்குப் பள்ளி வளாகத்தில் ஒரு பேன்கூட இருக்கக்கூடாது என்று சபதம் செய்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பேனுக்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம், மருந்து தடவிச் சீவினால் உடனே பள்ளிக்கு வரலாம் என்றுதான் சொல்கிறது. தேர்வில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அந்த விடைத்தாளைத் திருத்தியவரால் என்னை வேலையிலிருந்து தூக்க முடியாது. இந்த அதிகாரியால் முடியும்.

ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினேன்.

இங்கேதான் சிக்கல். அந்த ஏழு பேரையும் தினமும் கூட்டிவருகிற பள்ளி வேனை ஓட்டுவது என் மனைவி. அவளுக்குப் பிள்ளைகள் எல்லாரும் பெயரால் அல்ல, வேனில் உட்காரும் சீட்டால்தான் பழக்கம். ஜன்னல் சீட்டு, கடைசி சீட்டு, வாந்தி சீட்டு.

செவ்வாய் சாயங்காலம் நான் அதிகாரிக்குக் காட்ட ஒரு வெள்ளை அட்டை தயாரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தலையிலிருந்து எடுத்த மாதிரிகளை செலோடேப்பால் ஒட்டி, கீழே அழகாக எழுதினேன். முட்டை, குஞ்சு, ஆண், பெண். அவள் வேன் சாவியை ஆணியில் மாட்டினாள்.

“ஜன்னல் சீட்டுக்காரி ஜடையை வெட்டிக்கிட்டா.”

“யாரு வெட்டினா?”

“அவளேதான். அம்மா வேலைக்குப் போயிருந்தப்போ, தனியா உக்காந்து, கத்தரிக்கோலால. முடி இல்லேன்னா நர்ஸ் சார் உள்ள விட்ருவாராம். பாதி வெட்டினதும் பயந்துட்டா. பாதி ஜடை தொங்குது.”

டேப்பைக் கீழே வைத்தேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை கண்முன் வந்து நின்றது.

“அதுக்கு நான் என்ன பண்றது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“டீச்சருங்களுக்கும்?”

“ஆமா.”

“உங்களுக்கும்?”

“எனக்கே ஆனாலும்!” என்று மேஜையைத் தட்டினேன். ஆண் பேன் கொஞ்சம் கோணிக்கொண்டது.

“சரிங்க. நீங்க போய்ப் படுங்க. மேஜையை நான் ஒதுக்கி வெச்சிடறேன்.”

அவள் ‘சரிங்க’ என்று சொன்னால் நான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறே கால். வேன் ஏழு பத்துக்குக் கிளம்பும். நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, அசையாதீங்க.”

“என்ன?”

“காதுக்குப் பின்னால என்னமோ ஊருது.”

“விளையாடாதே.”

“நான் எதுக்கு விளையாடறேன்? உக்காருங்க.”

தலையை நனைத்தாள். என் பையிலிருந்தே பேன் சீப்பை எடுத்தாள். மூன்றாவது இழுப்பில் வெள்ளைத் துண்டை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பழுப்பு நிறம். எள்ளளவு. ஆறு கால்.

“செத்திருக்கே?”

“சீப்பு பட்டிருக்கும்.”

அவ்வளவுதான். துண்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அரிக்க ஆரம்பித்தது. முதலில் காதோரம். அப்புறம் பிடரி. அப்புறம் புருவம். ஐந்து நிமிடத்தில் முழங்கால்கூட அரித்தது.

“அப்போ இன்னைக்கு உங்களுக்கு ஸ்கூல் கிடையாது.”

“எத்தனை நாளைக்கு?”

“முற்றிலும் நீங்கும்வரை. கீழ பி.எஸ்சி. நர்சிங்னு வேற போட்டிருக்கு.”

“வெள்ளிக்கிழமை அதிகாரி வராங்கம்மா!”

“சொல்லாமப் போங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே!”

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு முப்பத்தைந்து. பஸ்ஸில் கண்டக்டர் தவறி அதிகமாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க, மூன்று நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி நடந்து வந்தவன் நான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“மருந்து போட்டுச் சீவினா வரலாம்னு.”

“அப்போ சுற்றறிக்கையிலயும் அதையே எழுதலாமே.”

ஆறு நாற்பது. சொறிந்துகொண்டே பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் புதியதை எழுதினேன். மருந்து தடவிச் சீவிய பிள்ளைகள் வரலாம். சீவியதாக வீட்டிலிருந்து ஒரு சீட்டு வர வேண்டும். தலைமையாசிரியைக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

“எனக்கும் அதான் சரின்னு பட்டுது சார்,” என்றார். “நீங்க பி.எஸ்சி. ஆச்சேன்னு பேசாம இருந்துட்டேன்.”

என் தலையில் மருந்தைத் தேய்த்துவிட்டு, முதல் சீட்டை என் மனைவியே நிரப்பினாள். நான் படிக்காமல் பையில் திணித்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை ஏழு பேரும் சீட்டோடு வந்தார்கள். ஜன்னல் சீட்டுக்காரி பாதி ஜடையைத் தொப்பிக்குள் மறைத்திருந்தாள். என் அறையில் உட்காரவைத்து நானே சீவிவிட்டேன்.

“சார், உங்க தலையிலயும் அதே வாசனை வருது.”

“எனக்கும் வந்துடுச்சும்மா.”

திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். “நீங்க வெட்டிக்காதீங்க சார். ரொம்ப அசிங்கமா இருக்கும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பார்க்கிற அம்மா. பதிவேட்டைப் புரட்டினார்.

“யாரையாவது வீட்டுக்கு அனுப்பினீங்களா?”

“திங்கட்கிழமை ஏழு பேரை அனுப்பினேன், மேடம்.”

பேனா நின்றது. “போன மாசம் ஒரு ஸ்கூல்ல இதே வேலையைப் பண்ணின ஆளுக்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா?”

தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

“எப்போ மாத்தினீங்க?”

“புதன்கிழமை.”

“ஏன்?”

சீட்டுக் கட்டை நீட்டினேன். எண்ணினார். “ஏழு பேர்தானே? எட்டு இருக்கே?” எட்டாவதை எடுத்து உரக்கப் படித்தார். “வகுப்பு, பட்டதாரி. பாதுகாவலர், மனைவி.”

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை இருமினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என் தலையைப் பார்த்தார். பிறகு எழுதினார். ‘பாதிக்கப்பட்டோர் எட்டு. எட்டுப் பேரும் பள்ளியில். தனக்கு வந்ததைக்கூட மறைக்காத செவிலியர். பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.’

என் கால் தரையிலிருந்து ஓரங்குலம் எழும்பியது. அவர் எழுந்திருக்கும்போது மேஜையிலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

“அழகா பண்ணியிருக்கீங்க. முட்டை, குஞ்சு, ஆண்... பெண் எங்கே?”

பார்த்தேன். ‘பெண்’ என்ற எழுத்துக்கு மேலே வெறும் அட்டை. செலோடேப்பைக் கத்தியால் சதுரமாக, சுத்தமாக வெட்டி எடுத்திருந்தது.

“வீட்டில் இருக்கும், மேடம்,” என்றேன்.

சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்தவளை வாசலிலேயே மடக்கினேன்.

“அது என் தலையில இருந்ததே இல்ல!”

“இல்லைங்க.”

“அப்போ எனக்கு ஏன் அப்படி அரிச்சுது?”

பேன் பற்றி நான் முன்பே பெற்றோருக்கு எழுதியிருந்த நோட்டீஸை அவள் எடுத்து, இரண்டாம் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். “‘முதல் முறை பேன் வருகிறவர்களுக்கு அரிப்பு தெரிய நான்கு வாரம்கூட ஆகலாம்.’ நீங்க அஞ்சு நிமிஷத்துல சொறிஞ்சீங்க. நான்கூட பயந்துட்டேன், உங்களுக்கே ஞாபகம் வந்துடுமோன்னு.”

நான் பேனாவை எடுத்தேன். “அறிக்கையில எட்டுன்னு இருக்கு. தப்பு. ஏழுன்னு திருத்தச் சொல்லி அதிகாரிக்கு எழுதணும்.”

“எழுதுங்க. ஏன் திருத்தணும்னு கேப்பாங்க. பொண்டாட்டி காட்டின செத்த பேனைப் பாத்து முழங்காலைச் சொறிஞ்சேன், நான் ஒட்டின பேனை எனக்கே அடையாளம் தெரியலைன்னு எழுதுங்க. கீழ பி.எஸ்சி. நர்சிங் போட மறந்துடாதீங்க.”

பேனாவை மூடினேன்.

“எட்டாவே இருக்கட்டும்,” என்றேன்.