செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் மாளிகை

எனக்கு ஏணி ஏறினால் தலை சுற்றும். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானே சொன்னது.

கல்யாணமான புதிதில் சமையலறைப் பரணைச் சுத்தம் செய்யச் சொன்னாள் என் மனைவி. இரண்டாவது படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, சுத்துதே!" என்றேன். பதறிப்போய் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, சுடச்சுட காபி கொடுத்தாள். அன்றிலிருந்து பரணில் தூசி ஏறியது, எனக்கு வயசு ஏறியது, நான் மட்டும் ஏறவே இல்லை. வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அந்தத் தலைசுற்றல்தான். அதற்குத்தான் போன வாரம் ஆபத்து வந்தது.

"ஏங்க, வர்ற செவ்வாய் உங்க கடைக்கு லீவு. எனக்கும் ஸ்கூல் லைப்ரரி லீவு. ஒண்ணு, அந்தப் பரணுக்கு ஒரு வழி பண்ணணும். இல்லேன்னா என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்."

"எங்கயாவதுன்னா?"

"எங்க டிராயிங் டீச்சர் லீவு கிடைச்சா போதும், கிளம்பிடறாங்க. பஸ்ஸுல போய்க் கிராமத்துல இறங்கி, வயல் வழியா நடந்து, பழைய காலத்து வீடெல்லாம் பாத்துட்டு வராங்க. காரும் கிடையாது, டாக்சியும் கிடையாது."

"எதுக்கு இந்தத் தண்டனை?"

"அப்ப பரண்."

"சேச்சே, நடை உடம்புக்கு எவ்வளவு நல்லது!" என்றேன் அவசரமாக.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ராஜா காலத்துப் பெரிய மாளிகை ஒன்று உண்டு. அதன் காவலாளி போன மாதம்தான் கண்ணாடி போட வந்திருந்தார். பேச்சுவாக்கில், "செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடாதீங்க சார், மாளிகை மூடியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது இப்போது ஞாபகம் வந்தது. ஆகா! போவோம். கேட் பூட்டியிருக்கும். "அடடா!" என்று ஒரு பெருமூச்சு விடுவோம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத் தூக்கத்துக்கு வீடு. பரணும் தப்பித்தது, இந்த நடைப் பைத்தியமும் அன்றோடு தெளிந்துவிடும்.

"பெரிய மாளிகைக்கே போயிடலாம்!" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை திறந்திருக்குமா?"

"மாளிகைக்கு ஏது லீவு? அது என்ன முடிவெட்டற கடையா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக 'சரி' சொல்கிறவளே இல்லை அவள்.

செவ்வாய் காலை ஒரு கனத்த பையை என் தோளில் மாட்டினாள். "நீங்க போய் பஸ் ஸ்டாப்ல நில்லுங்க. நான் பூட்டிட்டு வரேன்."

ஒரு பூட்டைப் பூட்ட அத்தனை நேரமா? பஸ் தெருமுனையில் திரும்பும்போதுதான் ஓடி வந்தாள், கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே. எனக்கு இருந்த கவலையில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கவலை எல்லாம் பஸ்ஸில் இருப்பவர்களைப் பற்றி. மாளிகை இன்று லீவு என்று எவனாவது வாய் திறந்தால் நான் தொலைந்தேன்!

கண்டக்டர் வந்தார். "எங்க போகணும்?"

"மாளிகை" என்றேன், அவருக்கே கேட்காத குரலில்.

"எது?"

"கடைசி ஸ்டாப்!"

"மாளிகைக்கா? இன்னைக்கு..."

"இன்னைக்கு வெயில் ஜாஸ்திதான் அண்ணே!" என்று கத்தினேன். வெளியே மேகம் மூடியிருந்தது. கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்து டிக்கெட்டைக் கிழித்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. பஸ் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி வயல் வரப்பில் நடந்தோம். அவள் முன்னே, நானும் பையும் பின்னே. பறவையைப் பார் என்றாள், நான் பாம்பைத் தேடினேன். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை போட்டிருந்தது. அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். தலைசுற்றல்காரன் ஆயிற்றே, நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து தாண்டினேன். அந்தப் பக்கம் ஒரு மாடு நின்றது. என்னையே பார்த்தது. அதற்கும் விஷயம் தெரியும் என்று தோன்றியது.

"இதுல என்னம்மா இருக்கு? தோள் கழண்டுடும்போல இருக்கு."

"வேண்டியதெல்லாம் இருக்கு. வாங்க."

சாப்பாடு என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தூரத்தில் மாளிகை தெரிந்தது. கேட் பூட்டியிருந்தது. அப்பாடா! பெருமூச்சை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அதற்குள் கேட்டின் உள்ளிருந்து ஒரு குரல்.

"சார்! கண்ணாடிக் கடை சார்தானே? தூரத்துல வரும்போதே தெரிஞ்சுட்டீங்க. என்னமா கண்ணாடி போட்டீங்க சார், தெள்ளத்தெளிவா இருக்கு!"

காவலாளி! இன்று அவருக்கும் லீவாக இருக்கும் என்று நம்பியிருந்தேனே! கொஞ்சம் மங்கலாகவே போட்டுக் கொடுத்திருக்கலாம்.

"ஆனா செவ்வாய்க்கிழமை லீவுன்னு கடையிலயே சொன்னேனே சார்? மறந்துட்டீங்களா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். மனைவி நிதானமாக முன்னே வந்தாள்.

"அவருக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. லீவுங்கறதாலதான் வந்தோம். நான்தான் போன் பண்ணினேனே, துடைக்கறதுக்கு ரெண்டு பேர் வர்றோம்னு."

"ஓ, நீங்கதானாம்மா அது? வாங்க, வாங்க!" கேட் திறந்தது. என் வாயும் திறந்தது.

"மூடியிருக்கற நாள்லதான் உள்ள சுத்தம் பண்ணுவாங்களாம்" என்றாள் அவள் நடந்துகொண்டே. "உதவிக்கு வர்றவங்களுக்கு, மத்தவங்களுக்குக் காட்டாத ரூமெல்லாம் காட்டுவாங்களாம். டீச்சர் சொன்னாங்க. பையைத் திறங்க."

திறந்தேன். பழந்துணி, பிரஷ், மறுபடி பழந்துணி, என்னுடைய கிழிந்த பனியன். சாப்பாட்டின் வாசனைகூட இல்லை.

மேற்பார்வை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். மனைவியை மாடிக்கு அனுப்பினார். என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். நடுக்கூடத்தில் ஒரு சரவிளக்கு தொங்கியது. நூற்றுக்கணக்கில் கண்ணாடித் துண்டுகள், அத்தனையும் தூசி படிந்து புரை விழுந்த கண்ணாகக் கிடந்தன. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"கண்ணாடி வேலை தெரிஞ்சவர் வர்றார்னு உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க. நம்ம ஆளுங்க இதைத் தொடவே பயப்படறாங்க. போன தடவை ஒருத்தர் வெறுந்துணியால தேய்ச்சு கீறல் விழுந்துடுச்சு."

"வெறுந்துணியாலயா!" என்றேன். கண்ணாடியை அப்படித் தேய்ப்பவன் மனுஷனா? கை துறுதுறுத்தது. ஏணி பக்கத்திலேயே சாத்தியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். மனைவி மாடியில் இருந்தாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஏறினேன். சர்க்கஸ்காரன் தோற்றான். உச்சிப்படியில் ஒற்றைக் காலை ஊன்றி, லேசாக ஈரம் தொட்டு, ஊதி, மெத்தென்று துடைத்தேன். ஒவ்வொரு துண்டும் பளிச்சென்று கண் திறந்தது. எனக்கே என்மேல் பெருமை பொங்கியது. பாட்டுகூடப் பாடினேன்.

"ஏணியை யாரும்மா கீழ பிடிச்சிருக்கறது? நல்லாப் பிடிச்சுக்கோங்க. ஒரு காய்ஞ்ச துணி கொடுங்க."

கீழிருந்து துணி வந்தது.

"இதில்ல, மெல்லிசா ஒண்ணு."

மெல்லிசாக ஒன்று வந்தது. என் கிழிந்த பனியன். பாட்டு பாதியில் நின்றது. மெதுவாகக் குனிந்து பார்த்தேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி என் மனைவி.

"தலை சுத்துதாங்க?" என்றாள்.

"இப்பதான்... லேசா ஆரம்பிக்குது."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை நீட்டினாள். அதுதான் பயம். காட்டாத அறைகளை எல்லாம் காட்டினார்கள். ராணி படுத்த கட்டில் என்றார்கள், அதில் எனக்குப் பரண்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது வரப்பில் அந்த மாடுகூட இல்லை. கடைசி பஸ் போய்விடுமோ என்று ஒரு பக்கம் பதைப்பு. பஸ் வந்தால் வீடு வந்துவிடுமே என்று மறு பக்கம் பதைப்பு. பஸ் வந்தது.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்குகிற முகத்தில் கோபமே இல்லை. களைப்பில் எல்லாவற்றையும் மறந்திருப்பாள் என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வீட்டுக் கதவைத் திறந்ததும் நேராகப் படுக்கைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கதவைத் திறந்தேன். பரணுக்குக் கீழே பக்கத்து வீட்டு ஏணி, காலையிலேயே போட்டு, அசையாமல் கட்டி வைத்திருந்தது.

"ஏறுங்க" என்றாள், பையை என் கையில் கொடுத்து. "நான் பிடிச்சுக்கறேன். பாட்டையும் விட்ட இடத்துலேருந்து பாடுங்க."