பாண்டி இங்க வேணும்

இரும்பில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். கர்ரக், கர்ரக். போன வாரம் எதிர்வீட்டு கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஒருவர் பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சன்னலைச் சாத்தினேன். பயனில்லை. சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. குமுளிக்கு மேலே, சக்குபள்ளம் பக்கத்து மலைச்சரிவிலிருந்து, இருபது சொச்சம் வருஷங்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பச்சைக் குழந்தையின் காதுகுத்தை நான் நிறுத்தியிருக்கிறேன். காரணம், மின்சாரம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. வடகரப்பதியில் எங்கள் கிணற்று மோட்டாரைப் பிரித்து மாட்டியே வயர்மேன் ஆனவன். கையில் லைசென்ஸ், தலையில் கனம். மலைமேல் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வயரிங் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து பாஸ் பண்ணினால் நிரந்தரம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பெட்டி கட்டுவது சுலபம் (உள்ளே இரண்டு சட்டை). ஆனால், 'அவன் மலையில தாங்கமாட்டான்' என்று ஊர் டீக்கடையில் ஒரு கூட்டமே நான் இறங்கி வரும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. இறங்குவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன்.

ஃபேக்டரியின் கூரைக்கடியில் கேபிள் ட்ரே ஓடியது. கேபிள்களைத் தாங்கிப் போகும் இரும்பு ஏணி, படுத்த வாக்கில், பன்னிரண்டு துண்டு. அதை மேலே ஏறி மாட்டியவர் பாண்டியண்ணன். கம்பத்துப் பக்கத்து ஆள், மெஷினுக்கு எண்ணெய் போடுபவர், நாற்பது வயது. நான் என் பங்குக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி எர்த் போட்டேன். எர்த் கம்பியை முதல் துண்டில் முறுக்கினேன். மற்றதெல்லாம் அதோடு போல்ட்டில்தானே நிற்கிறது? இஞ்சினைப் பிடித்தால் பெட்டிகள் பின்னால் வராதா? அண்ணன் மேலே மாட்டுவதற்கு முன்பே, துண்டுக்கும் வயர் போகும் பைப்புக்கும் இண்டு இடுக்கு விடாமல் வெள்ளிப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்திருந்தேன். நிலா வெளிச்சத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. (அப்போதே எனக்கு இந்த உவமை வியாதி உண்டு.)

வியாழன் சாயங்காலம் ஆபீஸ் கிளார்க் குரியன் சார் போனை வைத்துவிட்டு மலையாளம் கலந்து வேகமாகச் சொன்னார்:

"நாளெ பதினொண்ணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வரும். ட்ரேயில பாண்டிங் வேணம். பாண்டிங் இல்லெங்கில் பாஸ் இல்லா."

பாண்டி இங்க வேணும். என் காதில் விழுந்தது அதுதான்.

"பாண்டி எதுக்குங்க சார்?"

"சேஃப்டிக்கு! அது இல்லாதெ ஷாக் அடிச்சா ஆரு சமாதானம் பறயும்?"

நியாயம்தான். மாட்டிய ஆள்தானே பதில் சொல்ல வேண்டும். ஆனால் பாண்டியண்ணன் அன்று காலைதான் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தங்கை மகளுக்கு மறுநாள் காதுகுத்து. இவர் தாய்மாமன். வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். நான் விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

பந்தலில் பாண்டியண்ணன் பட்டு வேட்டி, மாலை, நெற்றி நிறையச் சந்தனத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் நின்றேன்.

"அண்ணா, எந்திரிங்க. இன்ஸ்பெக்டர் உங்களக் கேக்கறாருங்க. நீங்க வல்லீனா என்ற வேல போச்சுங்க."

"என்னையவா? என்னைய அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க பேரத்தானுங்க சொன்னாரு. ரெண்டு தடவ."

அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது. பந்தலையே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கேட்டீகளா? இன்ஸ்பெக்டரு! ரெண்டு தடவ!"

"அண்ணே!" தங்கை குறுக்கே வந்தாள். "நீ எந்திரிச்சேன்னா, மாமன் மடியில்லாம எம்புள்ள காதை எவனையும் தொடவிட மாட்டேன். சொல்லிட்டேன்."

"சாயங்காலம் வந்துர்றேன் தாயி. சர்க்கார் காரியம்." குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸிலும் மாலையைக் கழற்றவில்லை. குமுளி ஏறும்வரை சல்யூட் அடித்துப் பழகினார்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பாட்டரியில் கட்டிய சின்ன பல்பு. அதன் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மறுமுனையால் முதல் துண்டைச் சுரண்டித் தொட்டார். எரிந்தது. இரண்டாம் துண்டு, இருட்டு. மூன்றாவதும் இருட்டு. திரும்பினார்.

"பாண்டிங் எவிடெ?"

அண்ணனை முன்னால் தள்ளினேன். அவர் சல்யூட்டை மறந்து கும்பிட்டார்.

"ஆரா இது?"

"பாண்டிங்க சார்!"

எங்கள் ஊர் 'ங்க' மரியாதை என்னை இப்படி எந்தக் காலத்திலும் கைவிட்டதில்லை. குரியன் சார் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மாலையைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் என் பெயிண்ட் நிற்கிறது. கரண்ட் கசிந்தால் மண்ணுக்குப் போக வழியில்லை. தொட்ட ஆள் வழியாகப் போகும். பெயிண்ட்டைச் சுரண்டி, ஒவ்வொரு இணைப்பையும் செம்புக் கம்பியால் கூட்டிக் கட்ட வேண்டும்.

"அதாணு பாண்டிங். பந்தம்! மனசிலாயோ?"

மனசிலாயிற்று. ஒரு குடும்பத்தின் பந்தத்தை அறுத்துக்கொண்டு வந்த பிறகு.

"இவரு எவிடெந்து வந்நு?"

"காதுகுத்துல இருந்துங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று மணிவரை பங்களாவில் இருப்பதாகச் சொல்லிப் போனார்.

மெயினை அணைத்தோம். பதினொரு இணைப்பு, தவிர பைப் நுழையும் இடமெல்லாம். அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கர்ரக், கர்ரக். என் நிலா வெளிச்சம் தூள்தூளாக உதிர்ந்து அவர் பட்டில் படிந்தது. விரல் தோல் போனது. அவர் சுரண்டச் சுரண்ட நான் கம்பியை முறுக்கிக்கொண்டே போனேன். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் பல்பை வைத்தார். பன்னிரண்டிலும் எரிந்தது. பைப்பிலும் எரிந்தது. கையெழுத்துப் போட்டார். நான் இறங்கவில்லை, அந்த மலையில் ஏழு வருஷம் இருந்தேன்.

காதுகுத்து அடுத்த மாதம் மாமன் மடியிலேயே நடந்தது. போன பொங்கலுக்கு அண்ணனே எல்லாவற்றையும் வீட்டில் போட்டு உடைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். விசேஷ வீட்டில் என்னைக் கண்டால், சாம்பார் வாளி தட்டுப்பட்டால்கூட, "சித்தப்பா, வாளி இங்க வேணுமா, வாளிங் வேணுமா?" என்று சபையறியக் கேட்கிறாள்.

ஆனால் அதுவரை நான் வாய் திறக்கவில்லை. அன்று நாலு மணி பஸ்ஸில் அண்ணனை ஏற்றிவிட்டபோது, வாடிய மாலையும் வெள்ளித் தூளுமாக அவர் சன்னலோரம் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோதுதான் தலையை நீட்டினார்.

"தம்பி, ஊர்ல யாரும் கேட்டா, என்னையத்தான் கேட்டாகன்னே சொல்லுங்க."