வானத்துக்கு உறுதி கேட்ட வண்டர்

ஆகாயத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதியவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கி, திகதி முத்திரை குத்தி, "சரி ஐயா, பாப்பம்" என்று சொன்ன எழுதுவினைஞரும் ஒருத்திதான். அது நான்.

கண்டாவளைப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில் எனக்கு முதல் நியமனம். சொந்த ஊர் வவுனியா. ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். பின்னேரம் நாலேகாலுக்கு அலுவலகம் பூட்டினால், அடுத்த நாள் காலை எட்டரை வரை என்னோடு கதைக்க ஒரு பூனைகூடக் கிடையாது. ஆகவே பொதுமக்கள் நாளில் குடையும் கையுமாக வருகிற வண்டரை நான் வழி பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை.

வண்டர் என்பது அவருடைய பெயர் அல்ல. யுத்த காலத்தில் ஆளில்லாமல் வானத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்த வேவு விமானத்தை வன்னிச் சனம் 'வண்டு' என்றுதான் சொன்னது. அது இரைகிற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்பதற்குக் கால் மணித்தியாலம் முன்னரே இவருக்குக் கேட்டுவிடுமாம். இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினால், அயலட்டை முழுவதும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுமாம். யுத்தம் முடிந்தது. வண்டு போய்விட்டது. பெயர் இவரோடு தங்கிவிட்டது.

காதும் ஓயவில்லை. புல்லு வெட்டுகிற இயந்திரம் இரைந்தாலும் அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் எங்கள் கணக்காளர் தன் மேசை விசிறியைப் போட்டார். வரிசையில் நின்ற வண்டர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பயப்பிடாதேங்கோ, இது சின்னன். படம் எடுக்காது" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு புதிய வண்டுகள் வரத் தொடங்கின. கலியாண வீட்டுக்கு ஒன்று, வயலுக்கு மருந்தடிக்க ஒன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த இராணுவ முகாமிலிருந்து இடையிடையே ஒன்று. சனத்துக்கு எல்லாம் ட்ரோன். வண்டருக்கு எல்லாம் வண்டு. ஒருநாள் தன் கறுப்புக் குடையை என் மேசையில் விரித்து வைத்தார். அதன் மேல்பக்கத்தில் வெள்ளை வர்ணத்தால் 'என்ன பாக்கிறீங்கள்?' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"பிள்ளை, இதைச் சிங்களத்திலயும் எழுதித் தாங்கோ. அவைக்கு விளங்க வேணுமெல்லே."

"ஐயா, 'என்ன பாக்கிறாய்' எண்டு எழுதினால் இடம் மிஞ்சுமே?"

"அது சரியில்லை. மேல ஆர் இருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆக்களோட மரியாதையாத்தான் கதைக்க வேணும்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஊரில் ஒரு கலியாணம். படம் பிடிக்க வந்தவர்கள் ட்ரோனை ஏற்றினார்கள். அது போன இடமெல்லாம் வண்டரும் கீழே குடையோடு போனார். பொம்பிளை காரில் வந்து இறங்குகிற காட்சியில் குடை. தாலி கட்டி முடிந்து வாசலுக்கு வருகிற காட்சியிலும் குடை. மாப்பிள்ளையின் தகப்பன் சண்டைக்கு வந்தாராம். வண்டர் அமைதியாக, "நான் என்ர தலையைத்தானே மறைச்சனான்" என்றாராம். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மணமக்களை வாழ்த்துகிற நேரமெல்லாம் இரண்டு மொழியில் ஒரு கேள்வி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆகாய விண்ணப்பம் வந்தது. வண்டர் குழந்தையாக இருந்தபோது, மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த குடும்பம் அது. காடு வெட்டி வளவாக்கி ஐம்பது வருடமாகியும் காணிக்கு உறுதி கிடைக்கவில்லை. வருடா வருடம் விண்ணப்பிப்பார், வருடா வருடம் 'பரிசீலனையில்' என்று பதில் போகும்.

"நிலத்துக்குத்தான் உறுதி தரமாட்டீங்கள். வானத்துக்காவது தாங்கோ. பிறகு என்னைக் கேக்காமல் ஒருத்தரும் மேலால போகேலாது."

காணி உத்தியோகத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லை சொல்ல வேணும் ஐயா. எவ்வளவு உயரத்துக்குக் கேக்கிறீங்கள்?" என்றார்.

வண்டர் யோசித்தார். "ஒரு தென்னை உயரம் காணும். அதுக்கு மேல அரசாங்கத்துக்கு விடுறன்."

அலுவலகம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் ஒருநாள், பொதுமக்கள் நாள் இல்லாத நாளில், காலையிலேயே வந்து நின்றார். குடை இல்லை. மூச்சு வாங்கியது.

"பிள்ளை, ஒண்டைப் பிடிச்சிட்டன்."

"என்னத்தை ஐயா?"

"வண்டை. காத்து அள்ளிக்கொண்டு வந்து தென்னையில அடிச்சு விழுத்திப்போட்டுது. கோழிக்கூட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறன். தண்ணியும் வச்சிட்டுத்தான் வந்தனான்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அது முகாமுடைய ட்ரோன் என்றால் விஷயம் வேறு. எதற்கெல்லாமோ ஆட்களைக் கொண்டுபோய் விசாரித்த ஊர் அது. காணி உத்தியோகத்தருக்குத் திடீரென்று வெளிக்கள வேலை வந்தது. சிங்களம் தெரிந்தவள் என்பதால் கிராம சேவகரோடு என்னை அனுப்பினார்கள்.

நாங்கள் போனபோது வாசலில் ஜீப் நின்றது. ஒரு இளம் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், ஒரு பொலிஸ்காரர். வண்டர் கோழிக்கூட்டின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். உள்ளே நாலு காலில் அந்தச் சாமான் சரிந்து கிடந்தது. ஒரு பேட்டுக்கோழி அதன் மேல் ஏறி நின்றது.

"அரசாங்கச் சொத்தைத் தடுத்து வைத்திருக்கிறார். கைது செய்யலாம்" என்றார் பொலிஸ்காரர் சிங்களத்தில்.

நான் தமிழில் சொன்னேன். வண்டர் தலையாட்டினார். "குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ. எனக்கு இதைப்போல ஒண்டும் தேவையில்லை. ஆனால் ஒரு படம் வேணும்."

"என்ன படம்?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். சொன்னது என்னிடம்.

"சண்டையின்ர கடைசி நேரம் மாசக்கணக்கா எங்கட தலைக்கு மேல நிண்டு படம் எடுத்தவையெல்லே. அதில என்ர மனிசி இருப்பா. பூமணி. தறப்பாள் கொட்டிலில இருந்து தண்ணி அள்ளப் போனவா, திரும்பி வரேல்லை. வீட்டில இருந்த படமெல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போட்டுது. அடையாள அட்டையும் அவாவின்ர கைப்பையோட போட்டுது. இப்ப முகம்... முகம் எனக்கு மங்கிக்கொண்டு வருது பிள்ளை. அவையளிட்டைத்தான் படம் இருக்கு. பெரிசா வேண்டாம். அவா நடந்து போற மாதிரி ஒண்டு காணும்."

நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் சொல் தடுக்கி, திரும்பவும் தொடங்கினேன்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "அப்போது நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன்" என்றார் மெதுவாக. "அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்."

வண்டர் உடனே விலகிக் கூட்டைத் திறந்துவிட்டார். கோழியைத் தானே தூக்கி அப்புறம் விட்டார். ட்ரோனைத் தூக்கிய சிப்பாய் தன் கையிலிருந்த சின்னத் திரையில் ஏதோ அழுத்தினான். விழுவதற்கு முதல் அது எடுத்த படம் ஓடியது. வண்டர் எட்டிப் பார்த்தார். மரங்கள், கிணறு, துப்புரவாகக் கூட்டிய பெரிய முற்றம், அதன் நடுவில் விளக்குமாறோடு ஒரு புள்ளி.

"இது ஆர் பிள்ளை, இவ்வளவு சின்னனா?"

"நீங்கள்தான் ஐயா."

வண்டர் திரையைத் தொடாமல் விரலால் முற்றத்தைச் சுற்றிக் காட்டினார். "எவ்வளவு வெறுமையாக் கிடக்குது" என்றார். அதிகாரி யாரையும் கைது செய்யாமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் அலுவலகம் பூட்டிய பிறகும் நாங்கள் இருவரும் வாசல் வாங்கில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பார்களே என்றேன். அதற்கு அவரிடம் ஆயத்தமான பதில் இருந்தது. அவர் மனைவியை மனதுக்குள் ஆகாயத்திலிருந்து பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

"நடுவகிடு எடுத்துத்தான் தலை இழுக்கிறவா. கோடு கீறின மாதிரி நேரா இருக்கும், மேல இருந்து வடிவாத் தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பா. வாளி வலது கையில. பச்சைச் சட்டை. ஆரும் வழியில கண்டால் நிண்டு கதைப்பா, அதால படத்தில கனநேரம் நிப்பா."

ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் 'கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்படும்' என்று ஒரு வரி வந்தது. வண்டர் கிளிநொச்சிக்குப் போய் அதை லமினேற் செய்து கொண்டுவந்தார். "அரசாங்கம் எனக்கு முதல்முதல் தந்த உறுதி" என்று சொல்லிக் கணக்காளருக்கும் காட்டினார். வண்டர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. வீட்டுக்குப் போகிற மாற்றம்தான். ஆனாலும் பஸ்ஸில் ஏறியபோது மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது. வண்டர் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. அவருக்கு நான் போகிற திகதியைச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்கவில்லை. அந்த வருட மாரி மழையில் அவர் காய்ச்சல் கண்டு, மூன்று நாள் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்ற செய்தி இரண்டு கிழமை பிந்தித்தான் எனக்குக் கிடைத்தது. செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை.

அந்தக் கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. போன மாதம் ஒரு பதில் வந்தது. விண்ணப்பதாரி இறந்துவிட்டதாக அறிகிறோம், தொடர்ந்து கோர விரும்பும் நெருங்கிய உறவினர் இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும் என்று இருந்தது. பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்று படிவத்தின் அடியில் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். அரச ஊழியராகிய எனக்கு அது நன்றாகவே தெரியும். 'உறவுமுறை' என்று போட்டிருந்த கட்டத்தில் 'மகள்' என்று எழுதினேன்.