வெள்ளைப் புள்ளி

"நெவ், என் புள்ளி எங்கே?"

இன்ஜினுக்குள் தலையை விட்டபடியே கிளெனிஸ் கேட்டாள். அவளுக்கு உதவிக்கு நிற்கும் நெவ்வின் கையில் இன்னும் ஈரத் துணி இருந்தது.

"எந்தப் புள்ளி?"

"புல்லிச் சக்கரத்துல நான் வெச்ச வெள்ளைப் புள்ளி!"

"காலையில இன்ஜினைக் கழுவினேன் கிளென். டிஸ்ட்ரிபியூட்டரைக்கூடக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். நீ பார்த்தா அசந்துபோவேன்னு நெனச்சேன்."

"அசந்துதான் போய் நிக்கறேன்!"

நாலு வருஷமாக மலைச் சாலைக் கார்ப் பந்தயத்தில் கோப்பை அவளுக்குத்தான். மேலே நின்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி, "இப்ப சரியா?" என்று அவள் கத்துவாள். கீழே படுத்து, சுழலும் புல்லிமேல் பளிச்சிடும் டைமிங் லைட்டைக் காட்டிக்கொண்டு, "கச்சிதமா முள்ளுக்கு நேரா இருக்கு!" என்று நெவ் கத்துவான். புள்ளி இன்ஜினில் இருக்கும் முள்ளுக்கு நேரே நின்றால் பிளக் சரியான நேரத்தில் பொறி விடும்; அத்தோடு வேலை முடிந்தது.

இந்த வருஷம் பந்தயத்தோடு பந்தயமாக இன்னொன்றும் கட்டியிருந்தாள். எதிர்த்து ஓட்டும் டேரனிடம் தோற்றால், அவளுடைய கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கிளப் பார் சுவரில் ஆணியில் தொங்கும். அந்த வேலையைச் செய்ய வண்டிக்குள் டேரனின் கம்ப்யூட்டர் ஏறும். இரண்டு மணிக்கு ஓட்டம்.

டேரன் ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் சாஸேஜ் வைத்த ரொட்டியுமாக வந்து நின்றான்.

"என்ன கிளெனிஸம்மா, தாத்தா காலத்துச் சாமான் மக்கர் பண்ணுதா? அஞ்சு நிமிஷம் கொடுங்க, சரி பண்ணித் தரேன்."

"அதுல சீட்டாடு போ. என் வண்டியை நான் பார்த்துக்கறேன்."

வண்டிப் புத்தகத்தில் போட்ட கணக்குப்படி, புல்லியில் கம்பெனி வெட்டிய கோட்டை வைத்து, தானே லைட்டைப் பிடித்து டைமிங் வைத்தாள். வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்க, நெவ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாடு மாதிரி நகர மறுத்தது. டைமிங்கை முன்னே தள்ளினாள். இன்ஜின் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது.

"பெட்ரோலைக் கூட்டினா தட்டல் அடங்குமோ?" என்றான் நெவ்.

கூட்டினாள். கரும்புகை கிளம்பியது. எட்டு பிளக்கும் கரி பிடித்து, வண்டி நின்றேபோனது. பிளக்கைத் துடைத்து மாட்டிப் பெட்ரோலைக் குறைத்தாள். கார்புரேட்டர் 'டமால்' என்று தீயைக் கக்கியது. எட்டிப் பார்த்த நெவ்வின் தொப்பி விளிம்பு கருகியது.

"நல்லா வேணும்!" என்றாள். அவளுக்கு அழுகைகூட வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒலிபெருக்கி அவள் எண்ணைக் கூப்பிட்டது.

"பேசாம டேரனைக் கூப்பிடவா?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்! தோத்தா என் கையால தோக்கறேன். அவன் தயவுல ஒரு ஜெயிப்பும் எனக்கு வேணாம். போடா, சாவியைத் திருப்பு!"

புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். லைட்டை உதைத்துத் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு, கார்புரேட்டர் திருகை ஒரு கையாலும், டிஸ்ட்ரிபியூட்டரை மறு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். தட்டல் அடங்கியது. உறுமல் ஒரே சீராக வந்தது. நட்டை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

கால் நொடி வித்தியாசத்தில் டேரன் தோற்றான். லேப்டாப்பைத் திறந்து திறந்து பார்த்தான். அதிலும் தோல்விதான் இருந்தது.

கிளெனிஸ் கோப்பையை நெவ் மடியில் போட்டாள்.

"இன்னிக்குக் குருட்டு அதிர்ஷ்டம். புள்ளி இல்லாம இன்னொரு தடவை என்னால முடியாது. இந்தா பெயின்ட். கீழே படுத்து, லைட்டை அடிச்சு, இப்ப முள்ளுக்கு நேரா இருக்கற இடத்துல புதுப் புள்ளி வை."

நெவ் பிரஷ்ஷைக் கையில் வாங்கினான். படுக்கவில்லை.

"கிளென், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லித் தொலை."

"அந்த லைட்டைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும். நாலு வருஷமா கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் 'கச்சிதமா இருக்கு'ன்னு கத்தியிருக்கேன்."