ஒரு இஞ்ச் லூஸ்

"லூசா இருக்குதுக்கா," என்றாள் யுவராணி.

தையல்காரி சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். கல்யாணப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அவள் போட்டிருக்கிற அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் அக்குளில் மடிந்து, தோளில் இறங்கி, யாரோ பெரியம்மாவிடம் இரவல் வாங்கியதுபோல நிற்கிறது.

"இரு கண்ணு, இன்னொரு தடவை அளந்து பாத்துடறேன்."

டேப்பை எடுத்து அளந்தாள். மார்புச் சுற்று முப்பத்தஞ்சு. மறுபடியும் அளந்தாள், முப்பத்தஞ்சு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை அளந்தாள். அதே முப்பத்தஞ்சு. ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி மேசையில் விரித்து மர ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அதுவும் முப்பத்தஞ்சு. கணக்குப்படி எல்லாம் கச்சிதம். யுவராணி போட்டுக்கொண்டால் மட்டும் ஒரு இஞ்ச் லூஸ்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'சுகுணா தையலகம்' திறந்த நான்கு வருஷமாக இதே கதைதான். உடம்புக்கு டேப், துணிக்கு மர ஸ்கேல் என்று பாலக்கோட்டில் தையல் படித்தபோது சொல்லிக் கொடுத்த முறையை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. அந்த வகுப்பில் அவள்தான் முதல். சொந்தமாகக் கடை போட்ட பிறகு தைத்ததெல்லாம் தொளதொளவென்று வந்தது. அப்படியானால் வகுப்பில் நன்றாகத் தைத்தது டீச்சர் பக்கத்தில் நின்றதால்தான், தனக்குக் கை வராது என்று சுகுணா முடிவு கட்டிவிட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு பழக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. எதையும் மூன்று தடவை அளப்பது. வெட்டுவதற்கு முன் யூடியூபில் நான்கு மாஸ்டர்களைப் பார்ப்பது. பார்த்த பிறகு பக்கத்து ஜெராக்ஸ் கடை பாரதியைக் கூப்பிட்டு, "இது சரியா வருமா?" என்று கேட்பது. பாரதி வாழ்க்கையில் ஊசியில் நூல் கோத்தவள் இல்லை. இருந்தாலும் கேட்டால்தான் சுகுணாவுக்குக் கத்தரிக்கோல் நகரும். கண்ணில்தான் கோளாறோ என்று தர்மபுரி போய்க் கண்ணாடியும் வாங்கி வந்தாள். டாக்டர் பவர் இல்லை என்று சொல்லியும் கெஞ்சி வாங்கிய கண்ணாடி அது.

கடை இவ்வளவு நாள் ஓடியதற்குக் காரணம் தக்காளி பறிக்கப் போகிற பெண்கள். "குனிஞ்சு நிமுர சுகுணா தெச்ச ஜாக்கெட்டுதான் தோதா இருக்குது" என்று அவர்கள் தேடி வந்தார்கள். ஆனால் கல்யாணப் பெண் தக்காளி பறிக்கப் போவதில்லை, மேடையில் நிற்கப் போகிறாள். அதுவும் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரி தீர்த்தம்மாளின் மகள்.

அந்த நேரம் பார்த்துத் தீர்த்தம்மாளே உள்ளே வந்தாள்.

"ஏம்மா சுகுணா, என்னாது இது, கோணிப்பை மாட்டுன மாதிரி?"

என் கை சரியில்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சுகுணாவின் வாய் வேறு மாதிரி திறந்தது.

"பொண்ணு இளைச்சுட்டாங்கம்மா. கல்யாணக் கவலையா இருக்கும்."

தீர்த்தம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது. "நானும் நெனச்சேன். மாப்ள வூட்டுல என்னா சொல்லுவாங்க? சோறு போடாம வளத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்க?"

"அம்மா, நான் இளைக்கலமா," என்றாள் யுவராணி.

"நீ சும்மா இருடி. அளவெடுக்கறவளுக்குத் தெரியாதா?"

அன்றைக்கே யுவராணிக்கு வைத்தியம் தொடங்கிவிட்டது. காலையில் ராகிக் களியோடு ஒரு கரண்டி நெய், பதினொரு மணிக்கு வாழைப்பழம் அடித்த பால், மத்தியானம் நாட்டுக்கோழி, ராத்திரி மறுபடியும் நெய். வேண்டாம் என்றால் தீர்த்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக்குப் பயந்தே பெண் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

இங்கே சுகுணா ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இஞ்ச் குறைத்தாள். உள்ளே மிச்சத் துணி தடிமனாக நின்றது. வழக்கம்போலப் பாரதியைக் கூப்பிட்டாள்.

"பாரதி, இதை அப்படியே வுட்டுடலாமா, வெட்டிடலாமா?"

பாரதி ஆதார் அட்டை ஒன்றை லேமினேட் செய்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "வெட்டிடுக்கா. ஓரத்தை வெட்டுனாத்தான் நீட்டா இருக்கும்."

அவள் லேமினேஷனைப் பற்றித்தான் யோசித்துச் சொன்னாள். சுகுணா வெட்டிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், மண்டபத்தில் ஏழு மணிக்கு வரவேற்பு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தீர்த்தம்மாள் கடைக்குள் வந்து மேசையில் ஜாக்கெட்டைப் போட்டாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது.

"போட்டுப் பாக்கறேன்னு கையத் தூக்குனா. டர்ருன்னு ஒரு சத்தம். புடிக்கச் சொன்னா இப்படியா புடிப்ப?"

சுகுணா ஜாக்கெட்டை உள்புறம் திருப்பிப் பார்த்தாள். பிரித்து விடலாம் என்றால் உள்ளே துணி இல்லை. மிச்சத்தை நீட்டாக வெட்டியாகிவிட்டது. அதே நிறத்தில் பட்டு வாங்கத் தர்மபுரிக்கு ஓடினாலும் கிடைக்குமென்று உறுதியில்லை. கடைசியில், தீர்த்தம்மாள் ஜாக்கெட்டோடு கொண்டுவந்திருந்த அதே நிறப் புடவையைப் பிரித்து, உள்ளே சொருகுகிற பக்கத்தைக் காட்டினாள்.

"அம்மா, இதுல முக்கால் மீட்டர் எடுத்தா வெளிய தெரியாதுங்க."

"கல்யாணப் புடவையவா?" தீர்த்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை. "எடு. ஆனா ஒண்ணு. ஏழு மணிக்கு என் பொண்ணு மேடையில நிக்கோணும். ஏதாவது கோளாறு வந்துச்சு, நாளைக்கே உன் கடை போர்டை நானே கழட்டுவேன்."

"பொண்ணை ஒரு அஞ்சு நிமிசம் வரச் சொல்லுங்கம்மா, அளவெடுத்துக்கறேன்."

"அவ பாலக்கோட்டுல பியூட்டி பார்லர்ல உக்காந்திருக்கா. மூஞ்சி பூரா எதையோ பூசியிருக்காங்க, வாயத் தொறந்தா வெடிச்சுடுமாம். அஞ்சரை மணிக்குத்தான் வுடுவாங்க."

தீர்த்தம்மாள் போன பிறகு புருஷன் சந்திரமோகன் சாப்பாட்டுக் கூடையோடு வந்தான். மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம், நல்ல மனுஷன், எதற்கும் பதறாதவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இதுக்குத்தான் சொன்னேன், ஓசூர் தையல் கம்பெனில சேந்துக்கன்னு. திங்கக்கெழமை வேன் வருது. அங்க அளவெல்லாம் மிசினே பாத்துக்குமாம். உனக்கு எதுக்கு இந்தத் தலவலி?"

"எனக்குக் கையே வரலையாங்க?" என்றாள் சுகுணா.

"டேப் பொய் சொல்லுமா சுகுணா? நாமதான் எங்கயோ தப்பு பண்றோம்," என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவன் செருப்பை இழுத்துக்கொண்டு போனான்.

இந்தக் கடை போய்விட்டால் தனக்கென்று ஒன்றுமே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் சுகுணா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பழைய ஜாக்கெட்டை அளந்தாள். நோட்டில் எழுதிய பழைய அளவைப் பார்த்தாள். யூடியூபில் சேலத்து மாஸ்டர் ஒரு மாதிரி சொன்னார், கோயமுத்தூர் மாஸ்டர் அதெல்லாம் தப்பு என்றார், மூன்றாமவர் முதலில் லைக் போடச் சொன்னார். தினத்தாளில் ஐந்து மாதிரி வெட்டினாள். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தன. மணி மூன்றரை ஆகிவிட்டது.

"பாரதி! இதுல எது சரியா வரும்னு பாரேன்."

பாரதி ஐந்து காகிதங்களையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். "அக்கா, நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா, கல்யாணம் முடிஞ்சு வளைகாப்பே வந்துடும். நான் ஜெராக்ஸ் போடறவ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏ ஃபோர், ஏ த்ரீதான். இத்தனை வருசமா என்னை எதுக்குக்கா கேக்கற?"

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்வி. அவள் நான்கு வருஷமாகத் தன்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

முந்தின நாள் நலங்கில் யுவராணியைப் பார்த்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பி, கையில் லட்டோடு, அம்மாவை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள் பெண். பார்த்த உடனேயே சுகுணாவுக்கு அவளுடைய அளவு மனதில் பட்டது. எப்போதுமே யாரைப் பார்த்தாலும் அப்படி ஒரு அளவு தோன்றும். அடுத்த நிமிஷம் டேப் வேறு ஏதாவது சொல்லும், அவளும் தன் கண்ணை நம்பாமல் டேப்பை நம்பிவிடுவாள்.

அவள் கண்ணாடியைக் கழற்றி டிராயரில் போட்டாள். போனை அணைத்து அதன் மேல் வைத்தாள். நோட்டு, காகிதம், டேப் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி டிராயரை முழங்காலால் சாத்தினாள். பிறகு பாரதி கடைப் பக்கமிருந்த ஜன்னலையும் மூடினாள்.

"அக்கா, கோவமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"இல்ல கண்ணு. உனக்கு இன்னிலருந்து லீவு."

கண்ணை மூடி நலங்குப் பெண்ணை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். மர ஸ்கேலை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். இரண்டாவது தடவை பார்க்கவில்லை. வந்தது வரட்டும் என்று கத்தரிக்கோலை வைத்தாள். பட்டு சரக்கென்று பிரிந்தது. முதல் வெட்டு முடிந்ததும் பயமும் பாதி போய்விட்டது. கழுத்து, கை, முதுகு என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. நடுவில் தான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. வகுப்பில் தைக்கும்போது அப்படித்தான் பாடுவாள்.

ஆறு மணிக்கு மண்டபத்தில், மணமகள் அறையில், யுவராணி ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். சுகுணா சாமியைக் கும்பிடவும் மறந்து கதவோரம் நின்றாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டின. யுவராணி வலது கையைத் தூக்கினாள். பிறகு இடது கையை. சத்தம் எதுவும் வரவில்லை. தோள் தோளில் உட்கார்ந்தது. அக்குளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அக்கா!" என்று கத்தினாள் யுவராணி. "அப்படியே ஒட்டிக்கிச்சுக்கா!"

தீர்த்தம்மாள் மகளை இரண்டு தடவை சுற்றி வந்தாள். குறை தேடிக் கிடைக்காததால் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது. "கொக்கி இன்னும் ஒண்ணு வெச்சிருக்கலாம்," என்றாள். பிறகு சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ நல்லாத் தெப்பியா நீ? அப்பறம் ஏன்டி நாலு வருசமா ஊரை ஏமாத்திக்கிட்டு இருந்த?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வரவேற்பில் பெண்ணைப் பார்க்க வந்தவர்களில் ஆறு பேர் சுகுணாவிடம் துணி கொடுக்க நாள் கேட்டார்கள். எல்லோரிடமும், "நேர்ல ஒரு தடவ வாங்க, பாத்தாப் போதும்," என்றாள். சொல்லும்போது நெஞ்சு நிறைந்தது.

பந்தியில் சந்திரமோகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடையைப் பூட்டும்போது எடுத்து வந்த டேப்பைச் சுகுணா அவன் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே இதை நம்பி நான் அழுகறதா இல்ல. தக்காளிச் செடிக்குக் குச்சி கட்ட வெச்சுக்கங்க. அந்த ஓசூர் வேனையும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"அட, ஒரே நாள்ல இவ்ளோ தைரியமா?" என்று சிரித்தான் அவன். டேப்பைப் பிரித்து, நுனித் தகட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அந்தப் பழைய டேப்பா இது? கடை தொறந்த வாரம் என் செருப்பு வாரு கழண்டுக்கிச்சுல்ல, அதுக்கு அடியில வெச்சு அடைக்க இதுல நுனியத்தான வெட்டுனேன். தகட்டத் திருப்பி மாட்டி நசுக்கி வெச்சேன் பாரு, உன்னாலயே கண்டுபுடிக்க முடியல! ஒரு இஞ்சுதான் சுகுணா, மொறைக்காத, பாக்கி அம்பத்தொம்பதும் அப்படியே இருக்குதுல்ல?"